மலையிலிருந்து இறங்கிய நதிவாசிகள்

திபெத்திலிருந்து இறங்கி, அஸ்ஸாம் சமவெளியில் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாதபடி பரந்து செல்லும் பிரம்மபுத்திராவின் கரைகளிலும், அதன் உபநதியான சுபன்சிரியின் ஓரங்களிலும், மாஜுலித் தீவிலும் வசித்துவரும் மிசிங் மக்களுக்குப் பூர்வீகம் மலையே. அபோதானி என்னும் ஆதிபுருஷனின் வம்சத்தார் தாங்கள் என்பது அவர்களுடைய ஐதிகம். அருணாசலப் பிரதேச மலைகளில் வாழும் ஆதி, நிஷி, அபாதானி முதலிய இனத்தாரும் அதே மூதாதையைச் சொல்லிக்கொள்வதும், ஆதி மொழிக்கும் மிசிங் மொழிக்கும் உள்ள நெருங்கிய உறவும் அந்த ஐதிகத்துக்கு அரண் செய்கின்றன. சிறு சிறு கூட்டங்களாகப் பல தலைமுறைக் காலத்தில் இறங்கி வந்த இவர்களை அஸ்ஸாமியர் வெகுகாலம் மிரிகள் என்றே அழைத்து வந்தனர்.

சமவெளிக்கு வந்தபின்பும், மலைச்சரிவில் கட்டிப் பழகிய பரண் வீட்டை அவர்கள் கைவிடவில்லை. மரக்கால்களை ஊன்றி, ஆள் உயரத்தில் மூங்கில் பிளாச்சுகளால் தளம் பரப்பி, மேலே புல் வேய்ந்த அவ்வீட்டுக்கு, படி வெட்டிய ஒற்றை மரமே ஏணி. நடுக்கூடத்தில் மேராம் என்னும் அடுப்பு. அதற்கு நேர் மேலே அடுக்கடுக்காகத் தொங்கும் மூங்கில் தட்டிகளில் மீனும் இறைச்சியும் புகையில் உலர்ந்துகொண்டிருக்கும். தளத்துக்கடியில் பன்றியும் கோழியும் அடையும். பெண்களின் தறியும் அங்கேதான். வெள்ளம் ஏறினால் தளத்தை இன்னும் உயர்த்திக் கட்டிக்கொண்டு, வாசலில் படகைப் பிணைத்துவிட்டு, வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மலைக்கென்று தோன்றிய ஒரு வீடு வெள்ளத்துக்கு இவ்வளவு இசைவாக அமைந்தது எனக்குத் தீராத வியப்பைத் தருகிறது.

அவர்களுடைய விவசாயமும் நதியின் போக்கை அனுசரித்ததே. பெருவெள்ளத்துக்கு முன் அறுவடைக்கு வந்துவிடும் ஆஹு நெல்லை வசந்தாரம்பத்தில் விதைப்பார்கள். வெள்ளம் வடிந்த வண்டல் நிலத்தில் குளிர்காலத்தில் கடுகு பூக்கும். பால்குன மாதத்து முதற் புதன்கிழமையன்று வரும் அலி-ஆயெ-லிகாங் பண்டிகையில், அரிசியிலிருந்து வடித்த அபோங் என்னும் மதுவைப் படைத்து, தோன்யி-போலோ என்று தாங்கள் வழிபடும் சூரிய சந்திரரையும் முன்னோரையும் வேண்டி, முதல் விதையைத் தூவுவார்கள். அதைத் தொடர்ந்து ஊர் முழுவதும் கும்ராக் ஆட்டம் நிகழும்.

நதியோடு கொண்டிருந்த இத்தகைய இசைவு பிற்காலத்தில் குலைந்தது; அதற்கு வெள்ளத்தை மட்டும் காரணமாகக் கூறுவது நியாயமாகாது. 1950 ஆகஸ்டு 15-ஆம் தேதி நிகழ்ந்த மகா பூகம்பத்தில் மலைகள் சரிந்து சுபன்சிரியை மறித்தன. சில தினங்களில் அம்மறிப்பு உடைந்து பிரளயமாகப் பாய்ந்தது. மண்ணும் மணலும் படிந்து பிரம்மபுத்திராவின் படுகை மேடிட, நதி கரைகளை அரிக்கலாயிற்று. 1954-க்குப் பிறகு நகரங்களையும் வயல்களையும் காக்க நீண்ட தடுப்புக் கரைகள் எழுந்தபோது, நீரோரம் குடியிருந்த மிசிங் கிராமங்கள் பல, அத்தடுப்புக் கரைக்கும் நதிக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டன. முன்பு விரிந்து பரவித் தணிந்த வெள்ளம் இப்போது ஒடுங்கி உயர்ந்து அக்கிராமங்களைத் தாக்குகிறது. நிலத்தை நதிக்குப் பறிகொடுத்த குடும்பங்கள் பல, அந்தத் தடுப்புக் கரையின் மேலேயே குடிசையிட்டு வாழ்கின்றன.