சம்பளம் என்ன, மன்னர் போட்ட பிச்சையா?

வேலைநீக்கம் செல்லாது என்று தீர்ப்பு வந்த அன்றே ஜெயித்துவிட்டதாக நினைக்கிறோம். வெளியே நிறுத்தி வைத்த ஆண்டுகளின் சம்பளத்தைக் கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் அடுத்த சண்டை தொடங்கும். இந்தச் சண்டைக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது.

ஐ.சி.எஸ். அதிகாரி ஐ.எம். லால் 1940-இல் நீக்கப்பட்டார். 1948-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்த நீக்கம் செல்லாது என்றது. ஆனால் பாக்கிச் சம்பளம் கிடையாது என்றும் சொன்னது. அரசு ஊழியருக்குக் கிடைப்பது மன்னரின் கொடை, கொடையைக் கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது என்கிற பழைய இங்கிலாந்துச் சட்டம்தான் காரணம். களத்துமேட்டில் கைகட்டி நின்று நெல் வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வாதம் புதிதா என்ன? உழைத்தவனுக்குக் கூலி உரிமையில்லை, ஆண்டையின் தயவு என்பதுதானே அங்கேயும் சட்டம். ஐ.சி.எஸ். அதிகாரிக்கே அந்த நிலை.

இதை உடைத்தது பீகாரின் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் போட்ட வழக்கு. அப்துல் மஜீத் கோழைத்தனம் காட்டினார் என்று குற்றம்சாட்டி 1940-இல் டி.ஐ.ஜி. அவரை நீக்கினார். அவரை வேலையில் அமர்த்தியவரோ ஐ.ஜி. அமர்த்தியவருக்குக் கீழே உள்ளவர் நீக்கக் கூடாது என்பது அன்றைக்கே இருந்த விதி. பிறகு வேலையைத் திருப்பித் தந்தார்கள், இடைக்காலச் சம்பளத்தை மட்டும் மறுத்தார்கள். 1954-இல் தலைமை நீதிபதி மெகர் சந்த் மகாஜன் கொடை வாதத்தைத் தூக்கி எறிந்தார். கடன்காரன் அரசு ஊழியரின் சம்பளத்தை ஜப்தி செய்யலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கடன்காரனால் வாங்க முடிகிற பணம் ஊழியருக்கு மட்டும் எப்படிப் பிச்சையாகும்?

கதை அத்துடன் முடியவில்லை. அடிப்படை விதிகளில் 54, 54-ஏ என்று இரண்டு இருக்கின்றன. முழுதாகக் குற்றமற்றவர் என்று சொல்லப்படாதவருக்கு எவ்வளவு தருவது என்பதை நீக்கிய துறையே முடிவு செய்யலாம் என்கிறது முதலாவது. அப்போதும் ஊழியரின் விளக்கத்தைக் கேட்காமல் குறைக்கக் கூடாது என்று 1967-இல் கோபாலகிருஷ்ண நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டாவது இன்னும் மோசம். அரசமைப்பின் 311-ஆம் பிரிவை மீறியதற்காக மட்டுமே நீதிமன்றம் நீக்கத்தை ரத்து செய்தால் முழுச் சம்பளம் தர வேண்டியதில்லையாம். நியாயமாக விசாரிக்காமல் விரட்டியது துறையின் தப்பு, அபராதம் ஊழியருக்கு! அப்துல் மஜீத் இன்று வந்தால் இந்த விதியில்தான் சிக்குவார்.

2013-இல் மகாராஷ்டிர ஆசிரியை தீபாலி சுர்வாசே வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது நம் வீடுகளுக்குப் பொருந்தும். வருமானம் நின்றால் பாதிக்கப்படுவது முழுக் குடும்பமும்தான், ஆகவே தவறான நீக்கத்துக்குப் பாக்கிச் சம்பளம் தருவதே இயல்பான விதி என்றது. அவர் தனியார் பள்ளி ஆசிரியை, ஆனாலும் அரசு ஊழியர் வழக்குகளிலும் இதை எடுத்து வைக்கிறார்கள். இடையில் வேறு நல்ல வருமானம் இருந்தது என்று நிர்வாகம் சொன்னால் நிர்வாகமே நிரூபிக்க வேண்டும். ஆனால் 'நான் வேலையில்லாமல் இருந்தேன், அல்லது குறைந்த கூலிக்குப் போனேன்' என்று முதலில் சொல்ல வேண்டியவர் ஊழியர். வழக்குப் போடும் தோழர்கள் அந்த ஒரு வரியை முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.