தாயின் ரீசேட்டில் இரண்டு கொடி

2016 ஜூன் 11, பிரான்சின் லான்ஸ் நகரம். யூரோ கிண்ணத்தில் சுவிஸும் அல்பேனியாவும் மோதுகின்றன. சுவிஸ் நடுக்களத்தில் கிரானிட் ஷாக்கா. அல்பேனியாவுக்கு அவரின் சொந்த அண்ணன் தவுலாந்த். யூரோவில் சகோதரர்கள் எதிரெதிராக இறங்கிய முதல் மட்ச் அது. பார்வையாளர் வரிசையில் இருந்த தாயின் ரீசேட்டில் ஒரு பாதி சுவிஸ் கொடி, மறுபாதி அல்பேனியக் கொடி. சுவிஸ் 1-0 என வென்றது. எங்களுக்கு அந்தக் கோலை விட அந்த ரீசேட்தான் ஞாபகம் நிற்குது.

தகப்பன் ரகிப், கொசோவோ அல்பேனியர். 1986இல் மாணவராக இருந்தபோது யூகோஸ்லாவிய அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காகப் பிடிபட்டு, மூன்றரை வருசம் சிறையில் இருந்தவர். வெளியே வந்ததும் குடும்பம் சுவிசுக்குப் போனது. பிள்ளைகள் இருவரும் பாசலில் பிறந்து, அங்கேயே பந்து உதைக்கப் பழகினார்கள். தம்பி 2009இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணத்தை சுவிசுக்காக வென்றார். ஆனாலும் தேசிய கீதம் பாடும்போது வாய் அசையுதா எண்டு பார்க்கிற ஆக்கள் குறையவில்லை. சுவிசில் வளர்ந்த எங்கட சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் இந்தப் பார்வை புதுசில்லை.

2018 உலகக்கிண்ணம், கலினின்கிராட். எதிரணி சேர்பியா. தூரத்திலிருந்து ஒரு இடி அடித்து 1-1 ஆக்கிய ஷாக்கா, இரண்டு கைகளையும் நெஞ்சில் கோர்த்து அல்பேனியக் கொடியின் இரட்டைத்தலைக் கழுகைக் காட்டினார். வெற்றிக் கோலை அடித்த ஷகிரியும் அதையே செய்தார். ஆளுக்கு 10,000 சுவிஸ் பிராங்க் அபராதம். "விளையாட்டில் அரசியல் வேண்டாம்" என்பது லேசான பேச்சு. அரசியல் அவரின்ர வீட்டுக்குள் அவர் பிறக்க முதலே வந்துவிட்டதே! அதேநேரம், அன்று எதிரே நின்ற சேர்பியப் பொடியங்கள் யாரும் ரகிப்பைச் சிறையில் போட்டவர்கள் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கு.

கழக வாழ்க்கையிலும் இதே இழுபறிதான். 2019 ஒக்ரோபர் 27, ஆர்சனல் கப்டனாக இருந்தவரை கிறிஸ்டல் பலஸுடனான மட்சில் இடைநடுவில் வெளியே எடுத்தபோது சொந்த இரசிகர்களே கூச்சலிட்டார்கள். அவர் காதில் கைவைத்துக் காட்டி, சேட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். கப்டன் பதவி பறிபோனது. அது பிழைதான். ஆனால் மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் சாபம் போட்டு இணையத்தில் எழுதியவர்களுக்கு யார் அபராதம் போட்டது?

ஓடிப்போகாமல் நின்றார். 2021இல் பிரான்சுக்கு எதிராக 3-1 எனப் பின்தங்கிய சுவிஸைக் கப்டனாக மீட்டு, பெனால்ரியில் வெல்ல வைத்தார். 2023 மே மாதம் ஆர்சனலுக்கு அவர் ஆடிய கடைசி மட்சில் இரண்டு கோல். அதே மைதானம், இந்த முறை போகவேண்டாம் எண்டு பாடியது.

அவர் போனார். லெவர்குசன் ஒரு தோல்வியும் இல்லாமல் தன் முதல் ஜேர்மன் லீக் பட்டத்தை வென்றது. கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோலும் அவருடையது. 2025இல் சண்டர்லாண்ட் கழகத்துக்கு வந்த கையோடு கப்டன் பட்டி மீண்டும் அவரின் கையில்.