தலைதட்டிய கரண்டி

சர்க்கரைவள்ளிக் கிழங்கை எங்கள் வீட்டில் அவித்துத்தான் தின்போம். அதில் சர்க்கரைப் பாகு பூசி, பளபளவென்று வாட்டியெடுத்து, இறைச்சிக்குத் தொடுகறியாக வைப்பது அமெரிக்க வழக்கம். அதை நான் படித்தது ஃபேனி ஃபார்மரின் பாஸ்டன் சமையல் பள்ளி நூலில். வெளியான ஆண்டு 1896.

குறிப்பு இதுதான். நடுத்தரக் கிழங்கு 6. தோல் சீவி உப்பு நீரில் 10 நிமிடம் வேகவிட்டு, நீளவாக்கில் இரண்டாக்கி, வெண்ணெய் தடவிய தட்டில் அடுக்க வேண்டும். அரைக் கோப்பைச் சர்க்கரையை 4 மேசைக்கரண்டித் தண்ணீரில் 3 நிமிடம் கொதிக்கவைத்து, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் சேர்த்தால் பாகு தயார். அதைப் பூசி 15 நிமிடம் ஓவனில் வைக்க வேண்டும். நடுவே இரண்டு முறை பாகு ஊற்ற வேண்டும்.

செய்து பார்த்தேன். நம் ஊர்க் கிழங்குக்கு 10 நிமிடம் போதவில்லை. ஆனால் பாகு சொன்னபடியே வந்தது. முன்பின் அறியாத ஒருத்தி 100 ஆண்டுகள் தாண்டி என் அடுப்படியில் நின்று சொல்லிக்கொடுத்ததுபோல் இருந்தது.

ஃபார்மர் 16 வயதில் பக்கவாதத்தால் படிப்பை இழந்தவர். கரண்டியைக் குவிக்காமல் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். பதிப்பாளருக்கு நூலில் நம்பிக்கை இல்லை. 3,000 பிரதிகளை அவர் செலவிலேயே அச்சிட்டார்கள். அதனால் உரிமை அவரிடமே தங்கியது. நூலோ பல லட்சம் விற்றது.

இந்த வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியவில்லை. சர்க்கரைவள்ளி அமெரிக்க மண்ணின் பயிர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அதில் தங்கள் ஊர் வள்ளிக்கிழங்கைக் கண்டார்கள். அந்தப் பெயரையே இதற்கும் இட்டார்கள். தணல் சாம்பலில் புதைத்துச் சுட்டுத் தின்றார்கள். தென் மாநிலப் பெரிய வீடுகளின் அடுப்படியில் நின்றவர்களும் பெரும்பாலும் கறுப்பினப் பெண்களே. பாகுக்கான சர்க்கரையும் லூசியானா கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில்தான் விளைந்தது.

அப்படி அடிமையாகப் பிறந்தவர் ஏபி ஃபிஷர். 11 பிள்ளைகள் பெற்றவர். பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவில் ஊறுகாயும் பழப்பாகும் செய்து பரிசுகள் வாங்கினார். 1881இல் அவருடைய சமையல் நூல் அங்கிருந்த பெண்கள் கூட்டுறவு அச்சகத்தில் வெளியானது. சர்க்கரைவள்ளிப் பணியாரம் ஒன்றும் அதில் உண்டு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். அளவைச் சொல்ல அவருக்கு எழுத்து தேவைப்படவில்லை. அந்த அளவு நமக்கு வந்து சேரத்தான் எழுத்து தேவைப்பட்டது.

இவரைப்போல் எழுத ஆள் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? அவர்களின் சமையல் பிறர் வீட்டு மேசையில் பரிமாறப்பட்டது. அவர்கள் பெயர் எங்கும் ஏறவில்லை.

அம்மாவின் மஞ்சள் பூசணிப் பொரியலில் கடைசியில் ஒரு கை வெல்லம் விழும். அளவு கேட்டால், "கண்ணுக்குத் தெரியும், போ" என்பார். நாங்கள் அதைக் கைப்பக்குவம் என்று மெச்சினோம். மெச்சுவது எளிது. நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவதற்கு எங்களில் ஒருவருக்கும் நேரமில்லை. அம்மா போன பிறகு நான்கு முறை செய்து பார்த்துவிட்டேன். ஒருமுறை திகட்டியது, மற்ற மூன்றும் வேறு யாரோ செய்ததுபோல் இருந்தன.

கைப்பக்குவம் என்று நாம் சொல்வது பல ஆண்டுகள் சோதித்துச் சேர்த்த அறிவு. அதை வரம் என்றோ அன்பு என்றோ அழைக்கும்போது, குறித்துவைக்க வேண்டிய பொறுப்பிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

இப்போது சின்னம்மா வீட்டுக்குப் போகும்போது நோட்டும் ஒரு கரண்டியும் கொண்டுபோகிறேன். அவர் வெல்லத்தைக் கையில் அள்ளியதும், "கொஞ்சம் பொறுங்க" என்று தடுத்து, கரண்டியில் கொட்டித் தலைதட்டி அளக்கிறேன். அவர் சிரிக்கிறார். பக்கத்தின் மேலே முதலில் அவர் பெயரை எழுதுகிறேன்.