சிசேரியன் அரங்கில் மாறிப்போகும் ஆம்பூல்: தண்டுவட மயக்க ஊசியின் பாதுகாப்பு

தண்டுவட மயக்க ஊசியில் மரத்துப்போகச் செய்யும் மருந்தான புபிவக்கைனுக்குப் பதிலாக டிரானெக்ஸாமிக் அமிலம் செலுத்தப்படுவது, மயக்கவியலில் இன்று பெரிதும் கவலை தரும் பிழைகளுள் ஒன்று. 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. சிசேரியனுக்குத் தண்டுவட மயக்கமே பெருவழக்கு என்பதால், கடலூர் மாவட்டத்து மங்களூர் போன்ற ஊரகப் பகுதிகளின் கர்ப்பிணிகள் நாடிச் செல்லும் அரசு மருத்துவமனைகளுக்கும் இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி.

டிரானெக்ஸாமிக் அமிலம் இரத்தக்கட்டு கரைவதைத் தடுக்கும் மருந்து. ஜப்பானில் 1962இல் ஒகமோட்டோ தம்பதியர் இதைக் கண்டறிந்தனர். 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த 'உமன்' ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. பேறுகால இரத்தப்போக்கு உள்ளவர்களுக்குப் பிரசவமான 3 மணி நேரத்துக்குள் சிரை வழியே கொடுத்தால் இரத்தப்போக்கால் நேரும் மரணம் சுமார் 30 விழுக்காடு குறைவதை அது காட்டியது. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு இதைப் பரிந்துரைத்தது. உயிர்காக்கும் இம்மருந்து பிரசவ அரங்குகளுக்குப் பரவலாக வந்தது. கூடவே ஆபத்தும் வந்தது.

புபிவக்கைன், டிரானெக்ஸாமிக் அமிலம் இரண்டும் நிறமற்ற திரவங்கள். பெரும்பாலும் நிறமற்ற கண்ணாடி ஆம்பூல்களில் வருபவை. இந்தியாவில் தண்டுவடத்துக்கான புபிவக்கைன் பொதுவாக 4 மி.லி. அளவிலும், டிரானெக்ஸாமிக் அமிலம் 5 மி.லி. அளவிலும் கிடைக்கின்றன. சிசேரியனுக்கு ஏறத்தாழ 2 மி.லி. புபிவக்கைன், அதாவது 10 மி.கி., போதும். அதே 2 மி.லி. டிரானெக்ஸாமிக் அமிலமாக இருந்தால் தண்டுவட நீரில் கலப்பது 200 மி.கி. ஆம்பூலின் கழுத்தை உடைத்து சிரிஞ்சில் ஏற்றிய பிறகு எது எதுவென்று கண்ணால் பிரித்தறிய வழியில்லை.

டிரானெக்ஸாமிக் அமிலம் நரம்பு மண்டலத்தில் காபா, கிளைசின் ஏற்பிகளின் கட்டுப்படுத்தும் வேலையை முடக்குகிறது. எனவே கால்கள் மரத்துப்போவதில்லை. மாறாக முதுகிலும் கால்களிலும் கடும் வலி, தசைத் துடிப்பு, வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என வரிசையாக நிலை மோசமாகிறது. 2019இல் 'அனஸ்தீசியா' இதழில் வந்த மீளாய்வு 21 நிகழ்வுகளைத் தொகுத்தது: 20 பேர் உயிராபத்தான நிலைக்குச் சென்றனர், 10 பேர் இறந்தனர். இவற்றுள் 20 நிகழ்வுகளுக்குக் காரணம் ஆம்பூல் மாறியதே.

கவனமின்மை என்று சொல்லி மருத்துவரைக் குற்றம் சாட்டுவது இதற்கு விடையாகாது. பழகிய கை பழகிய இடத்தில் இருப்பதை எடுக்கும். நெருக்கடி நேரத்தில் அது மேலும் உறுதி. அறுவை அரங்கச் சரிபார்ப்புப் பட்டியல் மருந்துகள் ஆயத்தமா என்று கேட்கிறது. ஆம்பூல் உடைபடும் கணத்தில் அது உடன் நிற்பதில்லை. தண்டுவட ஊசிக்கெனத் தனி இணைப்பு கொண்ட புதிய சிரிஞ்சுகள், சிரைக்கான சிரிஞ்சு தண்டுவட ஊசியில் மாறி இணைக்கப்படுவதைத் தடுக்கும். தவறான ஆம்பூலிலிருந்து அதே சிரிஞ்சில் மருந்தை ஏற்றுவதைத் தடுக்கா.

ஆகவே இடத்தைப் பிரிப்பதே முதல் தீர்வு. டிரானெக்ஸாமிக் அமிலம் மயக்க மருந்துத் தட்டிலோ தள்ளுவண்டியிலோ இருக்கக் கூடாது. தாமதம் அதன் பலனைக் குறைக்கும் என்ற எதிர்வாதம் நியாயமானதே. இரத்தப்போக்குக்கான மருந்துகளைத் தனிப் பெட்டியில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் அந்தக் குறையும் நீங்கும். மருந்தை ஏற்றும் முன் இருவர் பெயரை உரக்கப் படித்துச் சரிபார்ப்பது இரண்டாவது அரண்.

மூன்றாவது, கொள்முதல். 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்குகிறது. இரு மருந்துகளின் ஆம்பூலும் உறையும் நிறத்திலும் எழுத்திலும் தெளிவாக வேறுபட வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனை வைக்கும் வலிமை அத்தகைய பெருங்கொள்முதலாளருக்கு உண்டு. தனி மருத்துவர் ஒருவரின் விழிப்பைவிட, இந்த ஒரு நிபந்தனை அதிகத் தாய்மார்களைக் காக்கும்.