பொது மாட்யூலும் அதைச் சார்ந்த நிரல்களும்

சவுத்தாலில் குடியிருந்துகொண்டு, லண்டனில் ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். பல நிரல்கள் ஒரே மாட்யூலைப் பகிர்ந்துகொள்ளும்போது என்ன கவனம் தேவை என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

கோபால் மொழியில் 'காப்பிபுக்' என்று ஒன்று உண்டு. ஒரு பதிவில் எந்த விவரம் எங்கே தொடங்குகிறது என்ற வரையறையை ஒரே இடத்தில் எழுதி வைத்தால், வேண்டிய நிரல்களெல்லாம் அதைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் சேர்வது கம்பைல் செய்யும்போது மட்டும்தான். பிறகு காப்பிபுக்கை மாற்றினால், மறுபடி கம்பைல் செய்யாத நிரலுக்கு அது தெரியவே தெரியாது.

எங்கள் பணியாளர் பதிவில் மணிக்கூலிக்கு ஏழு இலக்கம். கடைசி இரண்டு பென்ஸ்; 12.50 பவுண்டு என்பது 0001250. அதற்கு முன்னால் இரவுப்பணிக்கென்று இரண்டு இலக்கக் குறியீடு ஒன்றை நுழைத்தேன். பதிவின் இறுதியில் இருந்த காலியிடத்தில் இரண்டைக் குறைத்ததால் மொத்த நீளம் மாறவில்லை. கோப்பைப் புதிய அமைப்புக்கு மாற்றி, பத்து நிரல்களையும் கம்பைல் செய்தேன்.

பதினொன்றாவதாக, எப்போதாவது ஓடும் விடுப்புச் சம்பள நிரல் ஒன்று இருந்தது. என் பட்டியலில் அது இல்லை. இரவுப்பணி இல்லாதவருக்குக் குறியீடு 00. ஆகவே பழைய நிரல் 000001250 என்பதில் முதல் ஏழு இலக்கத்தை மட்டும் படித்தது: 0000012. மணிக்குப் பன்னிரண்டு பென்ஸ்! பிழைச்செய்தி எதுவும் இல்லை. தாயாரின் காரியத்துக்காக ஊருக்குக் கிளம்பவிருந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் சம்பளச் சீட்டோடு வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. பணத்தை அன்றே கொடுத்துவிட்டார்கள். அவர் கோபப்படக்கூட இல்லை. எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

வியாதி பழையது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன், பிழையை ஏற்கனவே திருத்திவிட்ட ஒரு நிரலில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிழை தேடினார். திருத்திய கோப்பு கம்பைல் ஆகாமலே கிடந்தது. அவர் புலம்பியதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976ல் 'மேக்' என்ற கருவியை எழுதினார். எது எதைச் சார்ந்தது என்று எழுதிக் கொடுத்தால், கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, பழசாகிப்போனதை மட்டும் அது மறுபடி கம்பைல் செய்யும்.

டி.எல்.எல். போல ஓடும்போது இணையும் மாட்யூலில் சிக்கல் தலைகீழ். ஒரு கோப்பை மாற்றினால் சார்ந்த நிரல்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் மாறிவிடும். திருத்துவது சுலபம், கெடுப்பதும் அவ்வளவு சுலபம்.

பொதுவில் இருப்பதை மாற்றினால் என்ன ஆகும் என்பதை பிரிட்டன் 2012 ஜூனில் பார்த்தது. ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில், இரவு வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு போட்டார்கள். சிக்கல் தெரிந்ததும் பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். இரண்டும் ஒத்துப்போகுமா என்று முன்பே சோதித்திருக்கவில்லை, ஒத்துப்போகவில்லை. நாட்வெஸ்ட் உட்பட அக்குழும வங்கிகளின் சுமார் 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2014ல் விதிக்கப்பட்ட அபராதம் மொத்தம் 5 கோடியே 60 லட்சம் பவுண்டு.

நான் கற்றுக்கொண்டவை:

1. எந்த நிரல் எந்த மாட்யூலைச் சார்ந்தது என்ற பட்டியலை மூலநிரலைத் தேடி இயந்திரமே தயாரிக்கட்டும். நினைவை நம்பக்கூடாது. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' ஓட்டை வெளிப்பட்டபோது, அது தங்கள் மென்பொருளில் எங்கெங்கே இருக்கிறது என்று தேடுவதே பல நிறுவனங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

2. புதிய விவரத்தை நடுவில் நுழைக்காமல் இறுதியில் உள்ள காலியிடத்தில் வைக்கவும்.

3. மாட்யூல் மாறினால் பதிப்பு எண்ணும் மாறவேண்டும்.

4. சார்ந்தவை அனைத்தையும் ஒன்றாகக் கம்பைல் செய்து, ஒன்றாகச் சோதிக்கவும். ஆண்டுக்கு ஒருமுறை ஓடுவதையும் விடக்கூடாது.

5. பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியையும் சோதித்து வைக்கவும்.

இப்போது எங்களிடம் தினமும் இரவில் பதினோரு நிரல்களும் முழுதாகக் கம்பைல் ஆகின்றன. அதற்கு நாற்பது நிமிடம் வீண் என்று மேலாளர் ஒருமுறை சொன்னார். அந்தப் பன்னிரண்டு பென்ஸ் சீட்டின் நகலை எடுத்துக் காட்டினேன். பிறகு கேட்கவில்லை.