வாசனை ரோஜா வாங்கினாலும் மணக்கவே இல்லையா? சின்ன தோட்டத்தில் ‘ஹைப்ரிட் டீ’ ரோஜா வளர்ப்பது எப்படி?

நர்சரியில் பார்க்கும்போது செடி பூத்துக் குலுங்கும். வீட்டுக்கு வந்து ரெண்டு மாதம் ஆனதும் வெறும் குச்சிதான் நிற்கும். இல்லையென்றால் பூ வரும், வாசனை வராது. மாடியிலோ வாசலிலோ நாலு தொட்டி வைத்து ரோஜா வளர்க்க ஆசைப்படும் பலரும் சொல்லும் குறை இது.

‘நமக்கு கை ராசி இல்ல’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இது கை ராசி பிரச்னை இல்லை. வாசனை என்பது ரகத்தைத் தேர்வு செய்யும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி வெயிலையும் வேரையும் பொறுத்தது.

‘ஹைப்ரிட் டீ’ ரோஜா என்றால் என்ன?

நீளமான காம்பில் ஒற்றை மொட்டு, நடுவில் கூம்பாக எழும்பிய பெரிய பூ. ரோஜா என்றதும் பலர் மனதில் வரும் இந்த உருவம்தான் ஹைப்ரிட் டீ. சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ‘டீ ரோஜா’க்களையும், அங்கே இருந்த கலப்பின ரோஜாக்களையும் சேர்த்து உருவாக்கப்பட்ட வகை இது. 1867-ல் பிரான்சில் வெளியான ‘லா பிரான்ஸ்’ ரகமே இந்த வகையில் முதலாவதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது.

மாலைக்கும் குல்கந்துக்கும் பயன்படும் நம்ம ஊர் பன்னீர் ரோஜா இதில் சேராது. அது வேறு வகை. கொத்தாகப் பூக்கும், வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஹைப்ரிட் டீ அதைவிட கொஞ்சம் செல்லமாக வளரும் செடி.

எல்லா ரோஜாவும் ஏன் மணப்பதில்லை?

பொக்கே கடையில் கிடைக்கும் சிவப்பு ரோஜாவை முகர்ந்து பார்த்தால் பெரும்பாலும் வாசனையே இருக்காது. அந்த ரகங்கள் பல நாள் வாடாமல் இருக்கவும், நீளமான காம்புக்காகவும், பெட்டியில் அடுக்கி அனுப்ப வசதியாகவும் தேர்வு செய்யப்பட்டவை. அந்தத் தேர்வில் வாசனை பின்னுக்குப் போய்விட்டது.

இதன் பின்னணியை 2015-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. நன்றாக மணக்கும் ‘பாப்பா மெய்லாண்ட்’ ரகத்தையும், வாசனை குறைந்த ‘ரூஜ் மெய்லாண்ட்’ ரகத்தையும் விஞ்ஞானிகள் ஒப்பிட்டார்கள். ரோஜா வாசனைக்கு முக்கியமான ‘ஜெரானியால்’ என்ற பொருள் உருவாக, இதழ்களில் ஒரு குறிப்பிட்ட நொதி வேலை செய்ய வேண்டும் என்பது தெரிந்தது. வாசனை குறைந்த ரகத்தில் அந்த நொதிக்கான மரபணு போதுமான அளவு செயல்படுவதில்லை.

அதாவது, இயல்பிலேயே மணக்காத ரகத்துக்கு எந்த உரம் போட்டாலும் வாசனை வரப்போவதில்லை.

அப்படின்னா எந்த ரகம் வாங்கலாம்?

• டபுள் டிலைட்: 1977-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. வெண்ணெய் நிறப் பூவின் ஓரங்களில் சிவப்பு படரும். நல்ல வெயில் பட்டால்தான் சிவப்பு கூடும். வாசனையில் லேசான மசாலா நெடி இருக்கும். சாம்பல் நோய் சீக்கிரம் பிடிக்கும் என்பதுதான் குறை.

• பாப்பா மெய்லாண்ட்: 1963-ல் பிரான்சில் வெளியானது. கருஞ்சிவப்பு, ஆழமான வாசனை. கடும் வெயிலில் இதழ் ஓரம் கருகும். இதுவும் சாம்பல் நோய்க்கு ஈடுகொடுக்காது.

• மிஸ்டர் லிங்கன்: 1964-ல் அமெரிக்காவில் உருவானது. அடர் சிவப்பு. உயரமாக வளரும், அதனால் பெரிய தொட்டி தேவை.

பெயர் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். செடியில் பூ இருக்கும்போது, காலை நேரத்தில் போய் முகர்ந்து பார்த்து வாங்குவதே நல்லது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். முரட்டு ரோஜா ஒன்றின் வேரில் நமக்கு வேண்டிய ரகத்தின் மொட்டை ஒட்டியிருப்பார்கள். ஒட்டுப் பகுதி புடைப்பாகத் தெரியும். அதற்கு மேலே குறைந்தது ரெண்டு மூன்று பச்சைக் கிளைகள் இருக்க வேண்டும். ஒட்டுப் பகுதி கருத்திருந்தால் வாங்க வேண்டாம்.

சில செடிகள் இறுகிய களிமண் உருண்டையோடு வரும். அப்படியே தொட்டியில் வைத்தால், ஊற்றும் தண்ணீர் உருண்டைக்கு வெளியே வழிந்துவிடும், உள்ளே வேர் காயும். நடும் முன் உருண்டையைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறுபடாமல் வெளி மண்ணை மட்டும் தளர்த்தலாம்.

தொட்டி, மண், வெயில்

12 முதல் 14 அங்குல அகலத் தொட்டி போதும். அடியில் ஓட்டை கட்டாயம். செம்மண் ரெண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்க்கலாம். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே ரெண்டு விரல் அளவு உயரத்தில் இருக்கட்டும்.

தினமும் ஐந்தாறு மணி நேர வெயில் தேவை. அது காலை வெயிலாக இருந்தால் ரொம்ப நல்லது. கத்திரி வெயில் காலத்தில் மதிய நேரத்துக்கு நிழல் வலை கட்டலாம். மொட்டை மாடியில் தொட்டியை நேரடியாகத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வைத்தால் வேருக்குச் சூடு ஏறாது.

தண்ணீரும் உரமும்

மேல் மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். காலையில், வேர்ப் பகுதியில் ஊற்றுவது நல்லது. இலையில் ஈரம் மணிக்கணக்கில் தங்கினால்தான் கரும்புள்ளி நோய் தொற்றும்.

கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து 15 நாளுக்கு ஒருமுறை விடலாம். முட்டை ஓடு மக்கிச் சத்தாக மாற மாதக்கணக்கில் ஆகும். டீத்தூள் போடுவதாக இருந்தால் சர்க்கரையும் பாலும் போகக் கழுவிய பிறகே போட வேண்டும், இல்லையென்றால் எறும்பு வரும். நட்ட முதல் மாதம் எந்த உரமும் வேண்டாம்.

ஏழு இலை வந்தா காட்டுச்செடியா?

ஒட்டுப் பகுதிக்குக் கீழிருந்து முளைக்கும் கிளை, வேர்ச்செடியுடையது. விட்டால் வேகமாக வளர்ந்து சத்தை எல்லாம் உறிஞ்சும். கடைசியில் வாங்கிய ரகம் செத்து, வேறு ஏதோ பூ பூக்கும். ‘வாசனை போயிடுச்சு’ என்று சொல்லப்படும் சில செடிகளின் கதை இதுதான்.

ஐந்து இலை என்றால் நல்ல செடி, ஏழு இலை என்றால் காட்டுச்செடி என்று சொல்வார்கள். இது எப்போதும் சரியாக இருக்காது. நல்ல ஹைப்ரிட் டீ கிளையிலும் ஏழு சிற்றிலைகள் வரலாம். கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதே சரியான வழி. ஒட்டுக்குக் கீழே என்றால், அடியோடு பிய்த்து எடுத்துவிட வேண்டும்.

கவாத்து எப்போது?

சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், பெருமழை ஓய்ந்த பிறகு கவாத்து செய்யலாம். காய்ந்த, மெலிந்த, குறுக்கே போகும் கிளைகளை நீக்கி, மீதியைப் பாதி உயரத்துக்கு வெட்ட வேண்டும். வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டுவது முறை. ஆறேழு வாரங்களில் பூ வரும். அப்போது குளிர் காலம் என்பதால் பூ பெரிதாக இருக்கும், வாசனையும் நிற்கும்.

வெட்டிய இடத்திலிருந்து கிளை கருத்துக்கொண்டே கீழே இறங்கினால் அது பின்கருகல். உள்தண்டு வெள்ளையாகத் தெரியும் வரை வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசை தடவ வேண்டும். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் துடைத்துப் பயன்படுத்துவது அவசியம்.

கோடையில் பூச்சி வந்தால்?

இலை மங்கி, அடியில் நூலாம்படை போலத் தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. இலையின் அடிப்பக்கம் காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே குறையும். மொட்டு விரியாமல் ஓரம் பழுப்பானால் இலைப்பேன். அந்த மொட்டுகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். ரசாயன மருந்து அடித்த செடியின் இதழ்களைக் குல்கந்துக்கோ சமையலுக்கோ எடுக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது ரொம்ப முக்கியம்.

வாசனை எப்போது அதிகம்?

வாசனைப் பொருட்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. வெயில் லேசாக ஏறும் காலை வேளையில், பாதி விரிந்த பூவில்தான் மணம் தூக்கலாக இருக்கும். உச்சி வெயிலும் வறண்ட காற்றும் அதைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும். மே மாதத்தில் மணக்காத செடியைப் பிடுங்கி எறிய அவசரப்பட வேண்டாம். ஒட்டுப் பகுதிக்கு மேல் பச்சை இருந்தால், அதே செடி மார்கழியில் மீண்டும் மணக்கும்.