திண்ணையில் ஒளிந்திருந்த எமன்

களமருதூர் பக்கம் பழைய ஓட்டு வீடு எதையாவது பார்த்தால் சட்டென்று கண்ணில் படுவது திண்ணைதான். தாத்தா அரட்டை அடித்ததும், பாட்டி வெற்றிலை இடித்ததும், குழந்தைகள் தவழ்ந்ததும் அங்கேதானே! நம் திண்ணைக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சித்தி மகள் உண்டு. பெயர் வராந்தா. அந்த வார்த்தையே இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரனோடு கப்பலேறிப் போனதுதான். போன இடத்தில் அது பிள்ளைகளைக் கொன்ற கதை உங்களுக்குத் தெரியுமா?

குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகரம் பிரிஸ்பேன். 1890-களின் தொடக்கத்தில் அங்கே குழந்தைகளுக்கு விசித்திரமான நோய். தாங்கமுடியாத வயிற்றுவலி, ரத்தசோகை, கைகால் துவண்டுபோவது, சிலருக்குப் பார்வைக்கோளாறு. டாக்டர் ஜெஃப்ரிஸ் டர்னரும் சகாக்களும் 1892-ல் அறிவித்தார்கள்: ‘‘இது ஈய விஷம்!’’

இங்கே ஒரு நிமிஷம். ரசத்துக்கு நம்ம பாட்டி வைத்திருந்த ஈயச்சொம்பு வெள்ளீயம். அது வேறு. இந்தக் கதையின் வில்லன் காரீயம். (மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் சொம்பில் அண்ணனோடு தம்பியும் கலந்திருக்கலாம், ஜாக்கிரதை!)

சரி, பால்குடி மறந்த பிள்ளைகளின் வயிற்றுக்குள் காரீயம் எப்படிப் போனது? குடிதண்ணீர்த் தொட்டி மேல் சந்தேகப்பட்டார்கள். பன்னிரண்டு வருஷம் பிடிபடவில்லை. 1904-ல் கண்ணைத் திறந்தவர் ஒரு கண் டாக்டர், லாக்ஹார்ட் கிப்ஸன். அவர் காட்டிய குற்றவாளி, வராந்தாவின் மரக்கம்பி! வெள்ளை நிறத்துக்காகக் காரீயம் சேர்த்த பெயிண்ட். வெயிலில் அது காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. கம்பியைப் பிடித்து விளையாடிய பிள்ளை விரலை வாயில் வைத்தது. அவ்வளவுதான்.

‘சுவரில் அடித்த பெயிண்டாவது, விஷமாவது’ என்றார்கள் பலர். குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் ஈய பெயிண்ட் கூடாது என்று சட்டம் வர 1922 ஆகிவிட்டது. பதினெட்டு வருஷம்!

கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இனிமேல்தான் ஆரம்பம்.

1929-ல் டாக்டர் நை என்பவர் கவனித்தார். குவீன்ஸ்லாந்தில் இளவயதுக்காரர்கள் பலர் சிறுநீரகம் கெட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற மாநிலங்களில் அப்படி இல்லை. ஒருவேளை அந்த வராந்தாப் பிள்ளைகளோ? 1954-ல் டாக்டர் ஹென்டர்ஸன் பழைய ஆஸ்பத்திரிக் கணக்கைத் தூசி தட்டினார். 1915-லிருந்து 1935 வரை ஈய விஷத்துக்குச் சிகிச்சைக்கு வந்த 401 குழந்தைகளைத் தேடிப் புறப்பட்டார். 165 பேர் இறந்துபோயிருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் சிறுநீரக நோயும் ரத்தக்கொதிப்பும் கொண்டுபோனவர்கள்.

விஷயம் இதுதான். உடம்பு காரீயத்தைக் கால்சியம் என்று நம்பி எலும்பில் பத்திரப்படுத்துகிறது, நகையை லாக்கரில் வைப்பது மாதிரி. பல வருஷங்களுக்கு அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிகிறது. அதை வடிகட்டி வெளியேற்றப் போராடும் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் மெல்ல மெல்லப் பழுதாகின்றன. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். குழந்தைக்கோ கிட்டத்தட்ட பாதி!

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் இதேபோல் தேடியபோது அந்த அளவுக்குச் சாவு தென்படவில்லை. பிரிஸ்பேன் பிள்ளைகள் விழுங்கியது ரொம்ப அதிகம், ரொம்ப நாள். ஆனால் இவ்வளவுக்குக் கீழே போனால் ஆபத்தில்லை என்று கோடு போட உலக சுகாதார நிறுவனம் தயாராக இல்லை.

நம்ம ஊர்? 1990-களின் கடைசியில் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் சென்னை, வேலூர் உள்பட பல நகரங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அன்றைய எச்சரிக்கை எல்லையான 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது. வீட்டு பெயிண்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதாவது, பிரிஸ்பேன் விழித்து 95 வருஷம் கழித்து! 2020-ல் யுனிசெஃப் போட்ட கணக்குப்படி, 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயத்தைச் சுமக்கும் இந்தியக் குழந்தைகள் சுமார் 27 கோடி.

விதிக்கு முன்னால் அடித்த பெயிண்ட் இன்னும் எத்தனையோ ஜன்னல் கம்பிகளில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கம்பியில் உரிகிறதா? காய்ந்தபடி சுரண்டாதீர்கள், தூசி பறக்கும். நனைத்துச் சுரண்டுங்கள். அந்த நேரம் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சாப்பிடும் முன் கை கழுவச் சொன்ன நம் பாட்டிகள் காரீயத்தைப் பற்றிப் படித்ததில்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் போதாத காலத்தில் பிரிஸ்பேனில் இருந்திருந்தால், சில பிள்ளைகளாவது பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள்!